கத்தி சமையலறையில் இருந்தது

நம்பினால் நம்புங்கள். இது கேள்விப்பட்ட கதை இல்லை. எனக்கும் என் தங்கை நெஸ்டாவுக்கும் நடந்தது. பொய் சொல்லிப் பெயர் வாங்குகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

1954, அக்டோபர் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் சூனியக்காரர்களுக்கு எதிரான பழைய சட்டத்தை நீக்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அதுவரை வாயைத் திறக்காதவர்கள் எல்லாம், "எங்கள் மதம் ஏசுவுக்கும் முந்தியது" என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் நியூ ஃபாரஸ்ட் காட்டோரத்தில் அப்படி ஒரு அம்மாள் இருந்தார். பெயர் மிஸஸ் க்ரைஸ், பியானோ டீச்சர். அவருடைய பாட்டிக்குப் பாட்டி மார்ஜரி டல் என்று பெரிய சூனியக்காரியாம். வித்தை அவளிடமிருந்து கைமாறிக் கைமாறி இவர் கைக்கு வந்ததாம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெஸ்டா சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு ஆஸ்துமா. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் அவள் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர்கள் கையை விரித்தபோது மிஸஸ் க்ரைஸ், "மார்ஜரி குணமாக்குவா" என்றார். நீரில் மூழ்குகிறவளுக்குத் துரும்பும் துணைதானே. தனியாக அனுப்ப மனம் வராமல் ஒவ்வொரு தடவையும் நானும் கூடப் போனேன்.

மிஸஸ் க்ரைஸ் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் ஒரு மரக் கொட்டகை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு சின்ன மேஜை, அதைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பு வட்டம், நான்கு பக்கமும் மெழுகுவத்தி. கைவிளக்கு, தீப்பெட்டி எல்லாம் வட்டத்துக்கு வெளியேதான்; கைப்பை கதவருகே ஆணியில் தொங்கும். கறுப்புப் பிடி போட்ட கத்தியால் மிஸஸ் க்ரைஸ் வட்டத்தைச் சுற்றி வந்து பூட்டிவிட்டால் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அவசரமென்றால் அதே கத்தியால் காற்றில் ஒரு வாசல் வெட்டிக்கொண்டு போகலாம். திரும்பி வந்து அதே கத்தியால் வாசலை மூட வேண்டும். அந்தக் கத்தி வேறு எதையும் வெட்டக் கூடாது.

அன்று நாங்கள் நான்கு பேர். நான்காவது ஆள் மிஸ்டர் லாடன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

"பழைய முறைப்படி உடம்புல துணியே இருக்கக் கூடாது," என்றார் மிஸஸ் க்ரைஸ்.

"அந்தக் காலத்துல யாருக்கும் முட்டிவலி இல்ல போல," என்று ஓவர்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார் லாடன். "ஏழு மணிக்குக் கடைசி பஸ். அதுக்குள்ள முடிங்கம்மா."

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் இறந்தவர்களை அழைக்கிற நாள். வட்டம் பூட்டியாயிற்று. அப்போதுதான் மிஸஸ் க்ரைஸுக்கு நினைவு வந்தது, படைக்க வேண்டிய கேக் சமையலறையிலேயே இருந்தது. காற்றில் வாசலை வெட்டிவிட்டுக் கத்தியோடு வீட்டுக்கு ஓடினார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"கத்தி எங்க?" என்றேன்.

"கேக் டின்னுல ஒட்டிக்கிச்சு. நெம்பி எடுத்தேன்... அங்கேயே வச்சிட்டேன் போல. பரவால்ல, விரல் போதும்." விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்து வாசலை மூடினார்.

கை கோர்த்து நின்றோம். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மார்ஜரி டல்... மார்ஜரி டல்... மார்ஜரி டல்...

ஒன்றும் நடக்கவில்லை. நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

பிறகு மெழுகுவத்திகளைப் பார்த்தேன். நான்கு சுடரும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான்கும் எங்களை நோக்கி. காற்று அப்படி அடிக்காது.

ஈர மண் வாசனை வந்தது, உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்தது போல.

கதவருகே ஒரு தரைப்பலகை ஆட்டம். மிதித்தால் கத்தும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது கத்தியது. கிறீச்...

கதவு திறக்கவில்லை.

"யாரது?" என்றார் லாடன்.

கோட்டுக்கு வெளியே, மெதுவாக, யாரோ எங்களைச் சுற்றி நடந்தார்கள். கடந்து போகப் போக ஒவ்வொரு மெழுகுவத்தியாக அணைந்தது. நான்காவதும் அணைந்தது. மறுபடி அந்தப் பலகை. கிறீச்...

இருட்டில் நெஸ்டாவின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது விசிலாக மாறினால் நேரம் அதிகம் இல்லை. அவளுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. நுனியில் ரப்பர் உருண்டை. வாயில் வைத்து அமுக்கினால் மருந்து புகையாக உள்ளே போகும்.

"குப்பி எங்கடி?"

"பையில... அக்கா... பையில..."

பை ஆணியில். ஆறேழு தப்படி தூரம். வட்டமாவது சட்டமாவது என்று கோட்டைத் தாண்டி நேராக நடந்தேன். கையை நீட்டியபடி. எதிலோ இடித்துக்கொண்டேன்.

மேஜை. வட்டத்தின் நடுவில் இருந்த அதே மேஜை.

திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தேன்.

மேஜை.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை, ஒளிப்பானேன்.

"கத்தி இல்லாம போக முடியாது," என்றார் மிஸஸ் க்ரைஸ்.

"அப்ப அவளை அனுப்புங்க. பேர் சொல்லி நன்றி சொன்னா போயிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. சொல்லுங்க!"

"முடியாது, ஐவி."

"ஏன்?"

"அப்படி ஒருத்தி கிடையாது. மார்மலேட் ஜாம் ஜாடி லேபிள்ல பாத்த பேரு அது. பாட்டி, வித்தை, எல்லாமே நான் கட்டினது... இல்லாதவளை எப்படிம்மா அனுப்புறது?"

கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த நடை நின்றது.

சரியாக என் முன்னால்.

நெஸ்டாவின் மூச்சு விசிலடித்தது. தடவி அவள் விரல்களைப் பிடித்தேன்; அவை என் கையிலிருந்து நழுவின. நான் மண்டியிட்டு, கோட்டுக்கு வெளியே இருட்டில் கையை நீட்டினேன்.

"யாரா இருந்தாலும் சரி... என் தங்கச்சி சாகுறா."

ஒரு கை என் கையைத் தொட்டது.

குளிர்ந்த கை. உலர்ந்த கை.

என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. உள்ளங்கையில் எதையோ வைத்தது. என் விரல்களை மூடியது.

கண்ணாடி. ரப்பர் உருண்டை.

நெஸ்டாவின் வாயில் வைத்து அமுக்கினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. மருந்து வாடை இல்லை. மண் வாடைதான்.

விசில் நின்றது.

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

அப்போது வெளியிலிருந்து, கதவுப் பலகைமேல் கத்தி முனை இழுபடும் சத்தம். சர்ர்ர்... தரையிலிருந்து மேலே... குறுக்கே... கீழே.

யாரோ எங்களுக்கு வாசல் வெட்டினார்கள்.

"போங்க," என்றார் லாடன். "பின்னால பாக்காதீங்க."

ஓடினோம். ஆணியிலிருந்து பையை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். இம்முறை மேஜை குறுக்கே வரவில்லை. தோட்டம், வேலி, சாலை. கடைசி பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கொட்டகைக்குள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

பஸ் வெளிச்சத்தில் பையைத் திறந்தேன். கையுறையும் கைக்குட்டையும் இருந்தன. குப்பி என் கையிலும் இல்லை, பையிலும் இல்லை. ஓட்டத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். சமையலறை அலமாரியில், டீ டப்பாவுக்குப் பக்கத்தில், குப்பி இருந்தது. மருந்து விளிம்புவரை அப்படியே இருந்தது. காலையில் நிரப்பிய நெஸ்டா எடுத்துப் போக மறந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் மிஸஸ் க்ரைஸ் வந்தார். ஒரே வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. கத்தி சமையலறையில் கேக் டின்மேல் வைத்தபடியே இருந்ததாம். வட்டம், மந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்றார். நெஸ்டா நெருப்போரமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். வந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஏழு நாளில் அவள் ஒருமுறைகூட இருமவில்லை.

"சத்தியமா சொல்றேன், ஐவி," என்றார் மிஸஸ் க்ரைஸ். "அந்தப் பேரு ஜாடியில இருந்ததுதான். இப்பவும் வீட்ல இருக்கு. வேணும்னா எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

நெஸ்டா கம்பளி நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"கடையில அத்தனை ஜாடி இருந்தப்போ உங்களை அந்த ஒண்ணை மட்டும் கையில எடுத்துப் பாக்க வச்சது யாருன்னு நீங்க என்னைக்காவது யோசிச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.