குட்டையில் களையெடுத்தவர்

ஆக்சிஜன் ஒரு கழிவு. ஆதிகாலத்தில் சில பச்சை நுண்ணுயிர்கள் வெயிலைத் தின்றுவிட்டு வெளியே தள்ளிய குப்பை. மற்றவற்றுக்கு அது விஷம். பல செத்திருக்கும், சில சேற்றுக்குள் ஓடி ஒளிந்தன. இன்றைக்கும் சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வம்சத்துடையது. சில மட்டும் கெட்டிக்காரத்தனமாக அந்த விஷத்தை வைத்தே தின்றதை எரிக்கக் கற்றுக்கொண்டன. அதே தீனியில் பல மடங்கு பலம் கிடைத்தது. நாமெல்லாம் அந்த வழி. பள்ளியில் உயிரியல் எடுக்கும் நான் தலத்தெரு வீட்டில் சோறு போடும்போதெல்லாம் இதைச் சொல்வேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார்.

அவர் நெல் விவசாயக் குடும்பம். பயிரல்லாத பச்சையைக் கண்டால் கை அரிக்கும். கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் வழியில் முதன்முதலாக இறால் குட்டை போட்டிருந்தார். பிடிக்க ஒரு வாரம்தான் இருந்தது. இறால் செத்தால், "நெல்ல விட்டவனுக்கு நல்லா வேணும்" என்று சொல்ல அவருடைய அண்ணன்மார் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பச்சையாக இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. களைதானே என்று பாசி மருந்தைக் கொட்டிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. ஆனா எறாலெல்லாம் மேல வந்து ஓரத்துல நிக்குதுடி!"

பாவி மனுஷன். மூச்சுக்கு வழிசெய்து கொண்டிருந்த பச்சையையே கொன்றுவிட்டார். செத்த பாசியை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் மிச்ச ஆக்சிஜனையும் காலி செய்துகொண்டிருந்தன. ஸ்கூட்டரில் பறந்தேன்.

"தீனிய நிறுத்துங்க. ஏரேட்டர் சக்கரம் எல்லாத்தையும் ஓடவிடுங்க. பக்கத்துக் குட்டையில பச்சத் தண்ணி கேளுங்க."

"களையவா கேக்கச் சொல்ற?"

"ஆமாங்க. போய்க் கேளுங்க."

உறைமோர் வாங்குவதுபோல டிரம்மில் வாங்கிவந்து ஊற்றினோம். சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலந்துகொண்டே இருந்தன. மத்தியானத்துக்குள் பெரும்பாலான இறால்கள் கீழே இறங்கிவிட்டன. ஓரத்தில் செத்து ஒதுங்கியவற்றை அவரே கையால் அள்ளினார். திட்ட வந்த நானும் குனிந்து கூட அள்ளினேன்.

பிறகு கரையில் குந்திக்கொண்டு தெளிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பச்ச திரும்ப எப்ப வரும்?"

குரலில் அப்படியொரு ஏக்கம். நான் கோபித்துக்கொண்டு கோவில்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஒரு தடவைகூட அவர் இந்தக் குரலில் கேட்டதில்லை.