என் காருக்கு எந்த ஒயில்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொந்தமாகக் கார் வைத்திருந்த முதல் தமிழ்ப் பெண் நான்தான். இதைத் தலைக்கனம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எண்பதுகளின் கடைசி அது. ரத்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். சம்பளத்தில் மிச்சம்பிடித்து, சீட்டுக் கட்டி, ஜப்பானிலிருந்து வந்த ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கினேன். கண்டிக்குப் போய் லைசன்ஸும் எடுத்தேன்.

காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணா தானாகவே எடுத்துக்கொண்டார். அவர் தோட்டத்துத் தேயிலை லொறியின் ட்ரைவர். இருபது வருஷமாக லொறிக்கு ஊற்றிவந்த நாற்பது நம்பர் என்ஜின் ஒயிலையே கடையில் வாங்கி என் காருக்கும் ஊற்றினார்.

"மல ஏறுற வண்டிக்கு ஒயில் தடிப்பா இருக்கணும். அப்பதான் என்ஜின் தாங்கும்" என்பது அவர் கட்சி. மாத்தளையில் பாதிப் பேர் அதே கட்சிதான், ஆகவே நானும் அவர் ஊற்றியபடியே விட்டேன்.

ஆனால் விடிகாலைக் குளிரில் கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துச் சுற்றும். ஒருவழியாகக் கிளம்பினாலும் என்ஜினின் மேல்பக்கம் கடகடவென்று அடிக்கும், ஒயிலுக்கான சிவப்பு விளக்கு அணையாமல் அடம்பிடிக்கும். இரண்டு நாள் பற்றரியே இறங்கிப் போய், கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

"பொம்பள கைக்கு வண்டி கேக்காது, தங்கச்சி" என்றார் அண்ணா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மார்கழியில் பல்லேகமவில் பரீட்சை மண்டப மேற்பார்வைக்கு எனக்குக் கடிதம் வந்தது. ரிவஸ்டன் மலையைத் தாண்டிப் போகவேண்டும். கொண்டை ஊசி வளைவுகள், காடு, மூடுபனி. ஊரடங்கும் சோதனையுமாக நாடு கிடந்த நேரம். வழியில் கார் நின்றுபோய் இருட்டுக்கு முன் வீடு சேராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அண்ணா கூடவே வருவதென்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"வழியில ஒரு தடவ கெளம்ப மாட்டேன்னு நின்னாலும் சாவிய எங்கிட்ட குடுத்துறணும். அதுக்கப்புறம் எங்க போகணும்னாலும் சொல்லு, நான் ஓட்டுறேன். நீ ஓட்டக்கூடாது."

"சரிண்ணே" என்றேன், கோபத்தில். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்பது உறைத்தது. அந்தக் கார் இல்லாவிட்டால் நான் பழையபடி யாராவது கூட்டிக்கொண்டு போனால் போகிறவள்.

அன்று மாலை காருடன் வந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. பக்கம் பக்கமாகத் தட்டியதில் ஒரு படம் அகப்பட்டது. கீழே வெப்பநிலை, மேலே அம்புக்குறி போட்ட கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஒயில் நம்பர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வருஷாவருஷம் கற்பிக்கிற வரைபு! நாற்பது நம்பரின் கோடு இருபது பாகைக்கு மேலேதான் தொடங்கியது. பத்து-முப்பது என்று ஒரு ஒயில், அதன் கோடு உறைபனிக்குக் கீழே தொடங்கி நம் மாத்தளை வெயில் வரைக்கும் ஓடியது.

பள்ளிக்கூடத்து வெப்பமானியைக் கொண்டுவந்து, ஒரு கிழமை முழுக்க, ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் காரின் பக்கத்தில் வைத்து அளந்தேன்.

"காருக்குக் காய்ச்சலா டீச்சர்?" என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

ஒரு நாள்கூடப் பதினாறைத் தாண்டவில்லை. கணக்கு முடிந்தது: அந்தக் குளிரில் நாற்பது நம்பர் ஓடாமல் இறுகித்தான் நின்றிருக்கிறது.

மாத்தளையில் பார்ட்ஸ் கடைக்கார முஸ்லிம் நானா பத்து-முப்பது ஒயில் தகரத்தை எடுத்துத் தந்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கும் டீச்சர், மலைக்குச் சரிவருமா?" என்று கேட்டார். சரிவரும் என்றேன். அவரிடமிருந்தே புது வடிகட்டியும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அண்ணாவின் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்து, பழைய ஒயிலை நானே இறக்கினேன்; வடிகட்டியை மாற்றி, எழுந்து புது ஒயிலை ஊற்றினேன். முழங்கை வரைக்கும் கறுப்பு. அண்ணா வாசலில் நின்று பார்த்தார்.

"ஜப்பான் பாஷ எப்ப படிச்ச?"

"பாஷ வேணாம்ணே. கோடு போதும்."

புறப்பட்ட காலையில் கார் முதல் தடவையே கிளம்பியது. அண்ணா பக்கத்து இருக்கையில் ஏறி, வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். உச்சிக்கு அருகில் சோதனைக்கு நின்ற ஆமிச் சிப்பாய்கள் மறித்தார்கள். என்ஜினை நிறுத்தச் சொல்லி, எங்களை இறக்கி, இருக்கையின் அடி வரைக்கும் துழாவினார்கள். பிறகு, பெரிய அதிகாரி வரவேண்டும், நில்லுங்கள் என்றார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். பனி முகத்தில் அடித்தது. காரின் என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. இந்த இடத்தில் அது முரண்டுபிடித்தால் சாவி போவது மட்டுமல்ல, இத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் காரைத் தள்ளச் சொல்லி யாரைக் கேட்பது?

பெரியவர் வந்தார். என் கடிதத்தை வாசித்தார். அண்ணாவின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், "சரி ட்ரைவர், வண்டியை எடு" என்றார்.

சாவி என் கையில் இருந்தது. இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு ஊரில் அண்ணாதான் திரும்பிப் பார்ப்பார். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு சிங்களத்திலேயே, "நான் இல்ல மாத்தயா. ட்ரைவர் என் தங்கச்சி" என்றார்.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. கடகடப்பு இல்லை, இழுவை இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் நெஞ்சு நிமிர்ந்ததை இன்றைக்கும் மறைக்கமாட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஒரே தடவையில் கணக்குப் பரீட்சையில் திறமைச் சித்தியோடு தேறிய அன்றுகூட அவ்வளவு பெருமைப்படவில்லை.

அண்ணா முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். இன்னொருவர் ஓட்டும் வண்டியில், பஸ்ஸில்கூட, அவர் கண்ணை மூடி நான் கண்டதில்லை. முதல் வளைவு இறங்குவதற்குள் குறட்டை கேட்டது. பல்லேகமவில் காரை நிறுத்தி நான்தான் அவரைத் தட்டி எழுப்பினேன்.