ஜெர்மன் கிட்டாரின் பூர்வீகம்

பிள்ளையார்பாளையத்தில் பரமசிவம் வீடு எது என்று கேட்டால், எந்தப் பரமசிவம் என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்கு மூன்று பரமசிவம் இருந்தார்கள். மூன்று பேரும் பட்டு நெய்தார்கள். ஜெர்மன் கிட்டார் பரமசிவம் என்றால்தான் வழி கிடைக்கும். பகலெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நெய்துவிட்டு, முகூர்த்த நாட்களில் சாயங்காலம் மெல்லிசைக் குழுவோடு போய் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஆள் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவன்தான்.

கிட்டார் அவன் கைக்கு வந்தது 1971இல். அரக்கோணத்தில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது கட்டில், அலமாரியோடு இதையும் விற்றார். மற்ற கிட்டார்கள் மாதிரி இடுப்பு வளைவெல்லாம் இதற்குக் கிடையாது. நீளச் சதுரமாக, தேன் நிற மரத்தில், தடித்த நான்கு கம்பிகளோடு முரட்டுத்தனமாக இருந்தது. கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. பின்பக்கத்தில் மட்டும் வழவழவென்று இரண்டு பள்ளங்கள், பக்கத்துப் பக்கத்தில். தோளில் மாட்டினால் பரமசிவத்தின் இளந்தொப்பை அதில் சொகுசாகப் போய் அமர்ந்துகொள்ளும். வாசிக்கிறவன் வயிற்றைக்கூட அளந்து செதுக்கியிருக்கிறான் என்றால் அவன் ஜெர்மன்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று குழுவின் தபேலாக்காரர் தீர்ப்புச் சொன்னார். அவர் வேலூரைத் தாண்டாதவர். இருந்தாலும் ஊர் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்ளாதவர் ஒருவர்தான்: நாலு தெரு தள்ளியிருந்த மாமனார் கலியாணசுந்தரம். நல்ல நெசவாளி, நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவருக்கு வாழ்க்கையில் இரண்டே மனக்குறை. முதலாவது, தறியில் அவர் முப்பது வருஷம் உட்கார்ந்து நெய்த பலாப் பலகை. 1964இல் அவர் ராமேஸ்வரம் போய்த் திரும்புவதற்குள் அதைக் கரையான் தின்றுவிட்டது என்று மனைவி மணியம்மாள் சொன்னாள். புதுப் பலகை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் முதுகு போச்சு என்று ஒன்பது வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது மனக்குறை மாப்பிள்ளையின் கிட்டார். பெரும்பாலும் இரண்டையும் ஒரே மூச்சில் திட்டி முடிப்பார்.

1973இல் பரமசிவத்தின் மனைவி வள்ளி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் கொண்டுவந்து விட வேண்டிய பெண்ணை ஐந்தாம் மாதமாகியும் விடவில்லை. கேட்கப் போன பரமசிவத்துக்குத் தறியில் இருந்தபடியே பதில் வந்தது.

“அந்தக் கட்டை இருக்கிற வீட்டுக்கு எம் பொண்ணும் பேத்தியும் வரமாட்டாங்க மாப்ளே. எது வேணும்னு முடிவு பண்ணிக்கினு வாங்க.”

விற்றுவிடுவது என்று வாசலுக்கு வருவதற்குள் தீர்மானித்துவிட்டான். குழந்தையை நினைத்தால் கிட்டாராவது ஒன்றாவது. ஆனால் வள்ளி பின்னாலேயே வந்து நின்றாள்.

“வித்துட்டு மட்டும் வந்தீங்கன்னா நான் வரமாட்டேன். அத்த மாட்டிக்கினு நீங்க நின்னதைப் பாத்துதான் நான் சரின்னேன்.”

அப்பனும் மகளும் ஒரே அச்சு. பரமசிவத்துக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. என்ன விலை போகும் என்றாவது பார்த்து வைப்போம் என்று மறுநாள் கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினான்.

மவுண்ட் ரோட்டில் வாத்தியக் கடை வைத்திருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெர்மன் இல்லை, ஜப்பானும் இல்லை, எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் வாங்க முடியாது என்றார். பெயர் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று, வார் மாட்டுகிற அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினார். பெயர் இல்லை. வார்னிஷ் படாத மரத்தில் மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக அப்பி இறுகியிருந்தன. கடைக்காரர் விழித்தார். பரமசிவத்துக்குக் காது வரை சூடேறியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவனும் அப்படித்தான் பொட்டு வைக்கிறான், தன் தறிப்பலகையின் ஓரத்தில். காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரை அதே மாதிரிப் பள்ளத்தில் உட்கார்ந்து எழுகிறவன், இரண்டு வருஷமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜெர்மனி என்று நம்பியிருக்கிறான். என்ன செய்வது, உட்கார்ந்து பழகியதை யார் தடவிப் பார்க்கிறார்கள்!

தறிப்பலகை என்றால் தறி செய்கிற ஆசாரி கையைத் தாண்டிப் போயிருக்காது. பரமசிவம் நேராக ஐயம்பேட்டைக்குப் போனான். அங்கே பழனி ஆசாரி கிட்டாரைப் பார்த்ததும், கட்டிக்கொடுத்த பெண் விருந்துக்கு வந்த மாதிரி முகம் மலர்ந்தார்.

“நான் செஞ்சதுதாம்பா. அந்தக் கார்டு இங்கிலீஷ் புஸ்தகத்துலேந்து ஒரு படத்தைக் கிழிச்சிக்கினு வந்தாரு. படத்துல முன்பக்கந்தான் இருந்துச்சு. பின்பக்கம் எப்பிடின்னு எனக்கு இன்னா தெரியும்? பலகை இருந்தபடியே வுட்டுட்டேன்.”

கம்பியும் கரண்டுச் சாமான்களும் கார்டு கொண்டுவந்தவை. மரம் மட்டும் ஆசாரியின் யோசனை. முப்பது வருஷம் ஆள் உட்கார்ந்து பதமாக்கிய பலா இனி எந்த வெயிலுக்கும் கோணாது என்றார். யார் கொடுத்த பலகை என்று கேட்டதற்கு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் ராமேஸ்வரத்திலிருந்து வருவதற்குள் புதுசு போட்டாக வேண்டும் என்று அவசரப்படுத்தினாள் என்றார்.

பரமசிவம் அங்கே கிடந்த மரச்சீவல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பஸ்ஸிலும் சிரித்தான். கண்டக்டர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் யோசனை வந்தது. சொன்னால் ஜெர்மன் பெருமை போகும். அதுகூடப் போகட்டும், மாமியார் மாட்டிக்கொள்வாள். வரவேற்பில் ஒருநாளும் குறை வைக்காத மாமியார். பலகை கிடைத்ததை மட்டும் சொல்வது, கொடுத்த ஆளைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு மறுநாள் காலையில் கிட்டாரோடு போனான்.

மாமனார் தறியை நிறுத்திவிட்டு, கட்டையையே வீட்டுக்குள் கொண்டுவரும் துணிச்சலைப் பார்த்து மூச்சை இழுத்தார். திட்டு வருவதற்குள் பரமசிவம் கிட்டாரைக் குப்புறத் திருப்பி நீட்டினான்.

“மாமா, திட்டறதுக்கு முன்னாடி இத்த ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

வேண்டாவெறுப்பாகக் கையை வைத்தார். கை நின்றுவிட்டது. வலது பள்ளம் ஆழம், இடது பள்ளம் மேலோட்டம். சின்ன வயதில் இடது தொடையில் கட்டி அறுத்ததிலிருந்து அவர் வலது பக்கமே சாய்ந்து உட்காருவார், ஊருக்கே தெரியும். இரண்டு தலையணை கொண்டுவரச் சொன்னார். கம்பி நசுங்காமல் கிட்டாரைத் தலையணைகளின் மேல் குப்புறப் படுக்க வைத்தார்கள். பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பயந்து பயந்து அதன்மேல் உட்கார்ந்தார். அடியிலிருந்து கம்பிகள் ‘ம்ம்ம்’ என்று முனகின. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பரமசிவம், கிட்டாரின் கழுத்து உடைந்துவிடக் கூடாதே என்று காமாட்சியை வேண்டிக்கொண்டான்.

“இத்த யார் குடுத்தது?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

ஆசாரிக்கு ஞாபகமில்லையாம் என்று பரமசிவம் இழுத்தான். அடுப்படியிலிருந்து மணியம்மாள் வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கணவன் எதிரில் நின்றாள்.

“நான்தான் குடுத்தேன். கரையானும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு பக்கமா சாஞ்சி சாஞ்சி ராத்திரியில முதுகைப் புடிச்சிக்கினு முனகுவீங்க. பலகை சமமா இருந்தா வலி போயிடும்னு நெனச்சேன்.”

வள்ளி குழந்தையோடு வந்து கதவோரம் நின்றாள். பெரியவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இந்த முதுகுக்காகவா ஒன்பது வருஷம் இவ்வளவு வசவையும் வாங்கிக்கொண்டாள் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கீழே கம்பிகளும் சேர்ந்து முனகின. எழுந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயுத பூஜை அன்றைக்கு இது இந்த வீட்டுக்கு வந்து பொட்டு வாங்கிப் போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை என்றார்.

அன்றைக்கே நல்ல நேரம் பார்த்து மகளை அனுப்பிவைத்தார். அனுப்பிவைத்தார் என்பதைவிடக் கூடவே கிளம்பினார் என்பதே சரி. முன்னால் கலியாணசுந்தரம், தோளில் கிட்டார். பின்னால் குழந்தையோடு வள்ளி, சீர்த் தட்டோடு மணியம்மாள். கடைசியில் தலையில் டிரங்குப் பெட்டியோடு பரமசிவம். இரண்டு முறை கேட்டும் மாமனார் கிட்டாரை அவனிடம் கொடுக்கவில்லை. தறிகளெல்லாம் நின்று, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தபேலாக்காரர் எதிரில் வந்து, ஜெர்மன் கிட்டாரை நீங்களே தூக்கிக்கொண்டு போகிறீர்களே என்று வாயைப் பிளந்தார்.

பெரியவர் நின்று, தோளில் இருந்ததைத் திருப்பிப் பள்ளம் தெரியும்படி பிடித்தார்.

“ஜெர்மனும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. நான் உக்காந்த எடம். இப்போ எங்க மாப்ள வாசிக்கறாரு.”