காகிதம் எடுத்த அன்று: முர்பாட் குஞ்சு ஷெட்டில் ஒரு பகல்

மழை நின்றதும் மால்ஷேஜ் மலைக்கு எப்படிப் போவது என்று நிறையப் பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், நான் அந்தப் பாதையில் பாதி தூரம்தான் போனேன். வழியில் முர்பாடில் இறங்கிக் கோழிக்குஞ்சு பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அருவி இல்லை, மூடுபனி இல்லை, போட்டோகூட இல்லை. ஆனாலும் இந்த வருடம் போன பயணங்களில் இதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது.

போன காரணம் என் வீட்டுக்காரர் செல்வராஜ். தாராவியில் கம்பிவேலை. பல வருடம் இன்னொருவர் பட்டறையில் வெல்டிங் அடித்துவிட்டு, இந்த வருடம்தான் சொந்தமாகப் பட்டறை போட்டார். எங்கள் செம்பூர் வீட்டுச் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, முர்பாடுக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் சுனந்தா தாயிக்கு (மராட்டியில் தாயி என்றால் அக்கா) குஞ்சு வளர்க்கும் கூண்டு செய்து தருவது. அதே பண்ணையில் இரண்டாவது ஷெட்டும் கட்டி முடித்துக் கூண்டு இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. “முதலில் இதில் குஞ்சுகள் காலூன்றட்டும், அப்புறம் அதைப் பேசலாம்” என்று சொல்லிவிட்டார் தாயி.

காலூன்றுவது என்பதை விளக்கிவிடுகிறேன். கூண்டின் தரை முழுக்கக் கம்பிவலை. எச்சம் கீழே விழுந்துவிடும், குஞ்சு சுத்தமாக இருக்கும். ஆனால் புதுக்குஞ்சின் கால் ஈர்க்குச்சி மாதிரி, வலைக்கண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் முதல் ஒரு வாரம் வலைமேல் காகிதம் விரித்து, அதன்மேலேயே தீனி தூவி வளர்க்கிறார்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிடுவார்கள். அதுவரை குஞ்சைத் தாங்குவது காகிதம், அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அடித்த வலை. இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கால் சிக்கும், சிக்கினால் உடையும்.

“சனிக்கிழமை பேப்பர எடுக்காவ. நீயும் வாரியா?” என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தனியாகப் போக மனுஷனுக்குப் பயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பண்ணைக்குப் போகுமுன் மூன்று நாள் வேறு எந்தப் பறவைப் பக்கமும் போகக்கூடாது, நோய் நம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது அங்கே கண்டிப்பான விதி. இவர் அதை வீட்டில் ஊரடங்குச் சட்டமாகவே போட்டுவிட்டார். கறிக்கடைத் தெருவுக்குப் போகக்கூடாது. பால்கனிப் புறாவை விரட்டக்கூட நான் எழுந்திருக்கக்கூடாது, மகள்தான் விரட்டினாள். சாம்பாரும் ரசமுமாக அந்த மூன்று நாளும் போயிற்று.

செம்பூரில் காலை 6.10க்கு ஹார்பர் லைன் வண்டி, குர்லாவில் மாறிக் கல்யாண். டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து ரூபாய். காலையில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் போவதால் சன்னலோரமே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது) இருக்கும், அன்று கிளம்பாதீர்கள். கல்யாண் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எஸ்.டி. (அரசு) பஸ் ஸ்டாண்ட். முர்பாட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். பெண்களுக்குப் பாதி டிக்கெட்தான். “பாத்தீங்களா, நான் உங்கள விடச் சல்லிசு” என்றேன். இவர் சிரிக்கவில்லை. சாதாரண நாளாக இருந்தால் அதற்குப் பத்து பதில் வந்திருக்கும்.

முர்பாடிலிருந்து பண்ணை ஏழு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். “வாட்டர்ஃபால் தேக்னே?” என்று, அருவி பார்க்கவா என்று, ஓட்டுநர் கேட்டார். “நை பாய், முர்கி கா பச்சா” என்றார் இவர், இல்லை, கோழிக்குஞ்சு என்று. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பாவம், பம்பாயில் கோழிக்குஞ்சே கிடையாதோ என்று நினைத்திருப்பார்.

பண்ணை வாசலில் பை, செருப்பு, போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தலை நனையக் குளித்துவிட்டு அவர்கள் கொடுக்கும் உடையைப் போட்டுக்கொண்டு, மருந்துத் தண்ணீரில் பூட்ஸை முக்கித்தான் ஷெட்டுக்குள் போக வேண்டும். எனக்குக் கிடைத்த பூட்ஸில் என் இரண்டு காலும் ஒன்றாகப் போயிருக்கும்.

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது சூடு, அடுத்தது சத்தம். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே மூச்சில் கீச்சிடும் சத்தம். மூன்றடுக்குக் கூண்டு, சுவரிலிருந்து சுவர்வரை. மேலடுக்கில் சூடு நன்றாக நிற்கும் என்பதால் முதலில் அங்கேதான் விடுவார்களாம், வளர வளரக் கீழே பிரிப்பார்களாம். சுனந்தா தாயி ஒரு குஞ்சை எடுத்துக் கழுத்தடியில் தீனிப்பையை விரலால் தொட்டுப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், இந்தி நிதானமாகப் பேசுவார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே தீனி நிறைந்து மெத்தென்று இருந்தது. கையில் வைத்தால் கனமே இல்லை, சூடு மட்டும்தான் தெரிகிறது. கூண்டு கூண்டுதான், அதை நான் அழகாக்கிச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் சூட்டைக் கையில் வாங்கியபின் வீட்டுக்காரர் ஏன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது விளங்கிவிட்டது.

காகிதம் எடுக்க ஆரம்பித்தார்கள். கூண்டுக் கதவைத் திறந்து காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருட்டிக்கொண்டே வருவார்கள், குஞ்சுகள் ஒவ்வொன்றாக வலைமேல் இறங்கும். இறங்கிய குஞ்சு எதுவும் அசையவில்லை. விரல்களைக் கம்பியில் இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றன. சத்தமும் குறைந்துவிட்டது. இவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், வலித்தது. அப்புறம் ஒரு குஞ்சு தீனித்தொட்டி பக்கமாக இரண்டடி வைத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூண்டும் பழையபடி கூச்சலும் ஓட்டமுமாக ஆகிவிட்டது. “சரியா மிதிக்குட்டி, பாரு, சரியா மிதிக்கு” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சுவரோரக் கடைசி வரிசைக்கு வந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது. அது கீச்சொலி இல்லை, நீளமான ஒரே அழுகை. தரைவலையும் பின்வலையும் சேருமிடத்தில் ஒரு குஞ்சின் கால் முழுதாகக் கீழே இறங்கியிருந்தது. இவர் கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் தொடையைத் தாங்கி, வந்த வழியிலேயே காலை மேலே எடுத்தார். முறியவில்லை. ஆனால் கீழே விட்டதும் அது ஒருக்களித்து உட்கார்ந்துவிட்டது.

சுனந்தா தாயி அப்போது ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தார். இவர் தன் சுண்டுவிரலை அந்த இடுக்கில் விட்டுப் பார்த்தார், போயிற்று. பக்கத்துக் கூண்டிலும் போயிற்று.

“கடைசி வரிசைக்கு வலை பத்தாம வந்துட்டு. இழுத்து ஒட்டினேன். தாங்கும்னுதான் நெனச்சேன்” என்றார்.

“ஒரு குஞ்சுதானங்க?” என்றேன் மெதுவாக. இரண்டாவது ஷெட் காலியாகக் கிடப்பது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“அவியள கூப்பிடுட்டி.”

கூப்பிட்டேன். தாயி வந்ததும், தப்பு தன்னுடையது, இந்த வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும், காகிதத்தைத் திரும்ப விரியுங்கள் என்று இவரே இந்தியில் சொன்னார். தாயி எதுவும் திட்டவில்லை, முகமும் சுளிக்கவில்லை. கீழடுக்கில் காகிதம் விரிக்கச் சொல்லி, ஹீட்டரைக் கூட்டிவிட்டு, அந்த வரிசைக் குஞ்சுகளைக் கீழே மாற்றச் சொன்னார். நானும் கைகொடுத்தேன். ஒரு கைக்கு இரண்டு குஞ்சு, அதற்கு மேல் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பண்ணைக் குறட்டையும் கட்டுக்கம்பியையும் வாங்கிக்கொண்டு இவர் ஒவ்வொரு கூண்டின் பின்பக்கத்தையும் தைத்துக்கொண்டே போனார். தைத்த ஒவ்வொரு இடத்திலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். குஞ்சுகளை மேலே ஏற்றி முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது. தாயி இரண்டாவது ஷெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பண்ணைகள் சுற்றுலா இடமல்ல, தெரிந்தவர் மூலம் கேட்டு, சரி என்றால் மட்டும் போங்கள். வீட்டில் கிளி, புறா, கோழி வளர்த்தால் போகவே வேண்டாம். மாற்று உடையும் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சூடு அதிகம், தண்ணீர் குடித்துவிட்டு நுழையுங்கள். முர்பாடுக்கு ஷேர் ஆட்டோ மாலை ஐந்தரைக்கு மேல் கிடைப்பது கஷ்டம். எங்களுக்குக் கிடைக்கவில்லை, தாயியின் தீனி வண்டியில்தான் முர்பாட் வந்து சேர்ந்தோம்.

கிடைக்கவில்லை என்றேனே, உண்மையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நாங்கள் உடை மாற்றி, பையை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்றிருந்தோம். ஏறப் போன இவர் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். “அந்தக் குஞ்சு நடக்கான்னு பாக்காம எப்படிப் போக?” என்றார். உள்ளே போக வேண்டுமென்றால் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும். அதெல்லாம் தெரிந்துதான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். ஆட்டோ போய்விட்டது.

தண்ணீர் விழும் சத்தம் வாசல்வரை கேட்டது. சுனந்தா தாயி என் பக்கத்தில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “தூஸ்ரா ஷெட் பீ யஹீ பனாயேகா” என்றார். இரண்டாவதையும் இவரே செய்யட்டும் என்று.

இவர் தலை ஈரத்தோடு ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “நடக்குட்டி! தொட்டிகிட்ட நின்னு தின்னுக்கிட்டிருக்கு” என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் என் செய்தி கொஞ்சம் பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தீனி வண்டியிலும் பஸ்ஸிலும் அந்தக் குஞ்சு எந்தக் காலை முதலில் வைத்தது, எப்படித் திரும்பியது என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சொல்லி முடித்தபின், கல்யாணில் வண்டி ஏறி உட்கார்ந்ததும், ஷெட் விஷயத்தைச் சொன்னேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், குர்லாவரை விடவில்லை.