ஏழாவது கல்

என் வீட்டுக்காரர் வரதராஜன் என்னை ஒரு வார்த்தை கேட்டு எதையும் செய்த மனிதர் இல்லை. திருச்சியில் இருந்த வேலையை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தபோதும் கேட்கவில்லை, ஹென்டர்சனில் இந்த வீட்டை வாங்கியபோதும் கேட்கவில்லை. "பேசி முடிச்சாச்சு பாக்யா" என்று வந்து சொல்வார், அவ்வளவுதான். கல்யாணமான இருபத்தெட்டு வருஷமும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், இல்லை என்று சொல்லவில்லை.

ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். செய்து முடித்த சரக்கைப் பார்த்து, நன்றாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பா வெளியே போகாது. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். இட்லியைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். "அதுலயும் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்பேன். சிரிக்க மாட்டார், இன்னொன்றைத் திருப்புவார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு முழு லாரிச் சரக்கு திரும்பி வந்தது. டப்பாக்களின் அடியில் எல்லாம் மயிரிழைக் கீறல். தாளை எடுத்துப் பார்த்தால் அவருடைய கையெழுத்து இருந்தது. "கையெழுத்து என்னுதுதான் பாக்யா. போட்ட ஞாபகம்தான் இல்ல" என்றார். இரண்டு வாரத்தில் ஆள்குறைப்பு என்று சொல்லி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை போனதற்கு அவர் அழவில்லை. பயந்தது வேறு ஒன்றுக்கு. அவருடைய அப்பா ஐம்பத்தொன்பது வயதில் ஒரு நாள் பேங்க்குக்குப் போய்விட்டு வெளியே வந்து, வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் வெயிலில் நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டார். இவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு. மோட்டர்வேயில் ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். அதை நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மனுஷன்னா நாலு மறக்கத்தாங்க செய்யும், நான் சாம்பாருக்கு உப்புப் போட மறக்கலையா?" என்றேன். டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்கவில்லை. "டாக்டர் நாலு கேள்வி கேப்பார், பதில் சொல்லிடுவேன். எனக்கே நிச்சயமாத் தெரியணும்" என்றார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் மீன் தொட்டி.

மன்னார்க்காரரான கிளறன்ஸ் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை, வீட்டுக் கராஜ் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள். அவரிடம் போய் மூன்று அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். நடு ஹாலில் வைத்தார். வழக்கம்போல என்னைக் கேட்கவில்லை.

"இதுக்குள்ள செடி, கல்லு, கட்டை எல்லாம் வெச்சு ஒரு ஆத்தங்கரையே செய்யப் போறேன். ஒரு தப்பு பண்ணாலும் காட்டிக் குடுத்துடும். தண்ணிக்கு முகதாட்சண்யம் கிடையாது. ஆகஸ்ட் வரைக்கும் இது நல்லா நின்னுதுன்னா என் மூளை நல்லா இருக்குன்னு நம்புவேன். நின்னாத்தான் வேலைக்குப் போவேன்" என்றார். கிளறன்ஸ் தன்னுடைய கிடங்கிலேயே சரக்குப் பார்க்கும் வேலை ஒன்றுக்கு இவரைச் சொல்லி வைத்திருந்தார். ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். முதல் பக்கத்தில் ஆகாதவை என்று ஒரு பட்டியல். கடல் உப்பு, சோப்பு, பூச்சி மருந்து, செம்பு. அதற்கப்புறம் கல். தோட்டத்துக்குக் கல் விற்கிற இடத்தில் அரை நாள் நின்று ஏழு கல் பொறுக்கினார். ஒற்றைப்படையில் வைத்தால்தான் இயற்கையாக இருக்குமாம், பெரிய கல் நடுவில் வரவே கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தேய்த்துக் கழுவி, மேலே வினிகர் சொட்டு விட்டுப் பார்த்தார். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கெடுத்துவிடும். ஏழாவது கல் கறுப்பு, அதன் இடுப்பில் பச்சையாக ஒரு கோடு. அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கட்டை வந்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிளறன்ஸிடம் வாங்கிய வேர்க்கட்டை, மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருந்தது. பொங்கலுக்கு நான் எடுக்கும் பெரிய தவலையில் போட்டு அதைக் கொதிக்க வைத்திருந்தார். தண்ணீர் டீக் கஷாயமாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, சாமிக்கு வெக்கிற பாத்திரம்! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கட்டைதானே, கறியா வேக வெச்சேன்?"

நான் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, மிதக்காமல் அமுங்கின பிறகு தொட்டிக்குள் சாய்த்து வைத்தார். என் தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நூலை எடுத்து, கட்டை முழுக்கப் பாசியைச் சுற்றிக் கட்டினார். கல் இடுக்கில் செடி நட்டார். பின்னால் உயரச் செடி, முன்னால் புல், நடுவே ஓடைபோல் மணல். கல்லை அரை அங்குலம் நகர்த்துவார், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார், மறுபடி எழுந்து நகர்த்துவார். எரிச்சல் தீர்ந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அழகாகத்தான் இருந்தது.

தண்ணீர் பழக வேண்டும் என்று ஆறு வாரம் ஒரு உயிரும் இல்லாமல் வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு வைத்திருந்தார். ஜூன் மாதம் பாதியில் எட்டுச் சின்ன மீன்களும் கொஞ்சம் நத்தையும் இருபது கண்ணாடி இறாலும் வந்தன. இறால் இந்த ஊர் ஓடையில் இருப்பது, உடம்பே தெரியாது, கண்ணும் மீசையும்தான் தெரியும். "இதுதான் முதல்ல சொல்லும். தண்ணி கெட்டா மீன் தாங்கும், இது தாங்காது" என்றார். தினமும் எண்ணினார். இருபது இருந்தால் அன்றைக்குச் சிரிப்பு உண்டு.

இனி என் பங்கு. குளிர்காலம், வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றும். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார். "ஒரு நாள் வெச்ச தண்ணிய ஊத்து" என்று என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார். வாளியில் தூசி விழுந்திருந்தது. சமையல்கட்டில் செம்புக் குடத்தில் ராத்திரி பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. நாங்கள் குடிக்கும் தண்ணீர். உடம்புக்கு நல்லது, கிருமி அண்டாது என்று திருச்சியிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த குடம். நமக்கே நல்லது என்றால் வாயில்லாத ஜீவனுக்குக் கெடுதலா செய்யும் என்று நினைத்தேன். தினமும் காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் ஊற்றினேன். ஒளித்து ஒன்றும் செய்யவில்லை.

ஐந்தாவது வாரம் இறால் பத்தொன்பது ஆனது. மறுநாள் பதினாறு. நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கிக் கீழே விழுந்தன. அவர் பாதித் தண்ணீரை மாற்றினார், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செத்த இறால் சமைத்த இறால்போல வெளுத்துச் சிவந்துவிடும், அப்போதுதான் அதற்கு உடம்பு இருந்ததே தெரியும். அந்தச் சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல சுற்றிக்கொண்டிருந்தன.

நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார். ஆறு கல்லுக்கும் தேதி, நுரை இல்லை, கையெழுத்து. ஏழாவது வரியில் எண் மட்டும் இருந்தது.

"சோதிக்காமயே வெச்சிருக்கேன் பாக்யா. பச்சைக் கோடு இருந்தா உள்ள உலோகம் இருக்கும், எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எடுத்திருக்கேன்."

"எழுத மறந்திருப்பீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கிளறன்ஸை வரச் சொன்னேன். அவர் சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டார். நிறம் மாறியது. "செம்பு இருக்கு அண்ணை" என்றார். "கல்லுதான்" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பட்டப்பகல்.

கிளறன்ஸ் கை கழுவச் சமையல்கட்டுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உந்தக் குடத்துத் தண்ணியையோ ஊத்தினனீங்கள்?"

"ஆமா, குடிக்கிற தண்ணிதானேப்பா?"

அவர் குடத்துத் தண்ணீரிலும் மருந்து விட்டுக் காட்டினார். தொட்டித் தண்ணீரைவிட நிறம் அதிகம். வற்றும்போது தண்ணீர்தான் போகும், செம்பு தங்கிவிடும், நாளுக்கு நாள் சேரும் என்று விளக்கினார்.

"அண்ணையின்ரை கல்லிலை ஒரு பிழையும் இல்லை. நீங்களே சொல்லிப்போடுங்கோ அக்கா. நான் கதைச்சால் நல்லாயிராது."

"ஒரு நாள் டைம் குடுப்பா."

"ஓம், ஆனால் சுணங்காதேங்கோ. இன்னும் ஒன்பது நாளிலை அவருக்கு வேலை."

ஒரு நாள் என்றேன், நாலு நாள் ஆக்கினேன். வெட்கம்தான் காரணம், வேறு என்ன? வாய் ஓயாமல் அவர் தப்பை எண்ணிய நான், என் தப்பு என்று வந்ததும் ஊமையாகிவிட்டேன். அந்த நாலு நாளும் அவர் சவரம் செய்யவில்லை. எங்கள் மகள் ஸ்ருதி வெலிங்டனிலிருந்து போன் செய்தால் எடுக்கவில்லை. பெற்ற மகள் பெயரைச் சொல்லத் தடுமாறிவிடுவோமோ என்று பயம். வியாழக்கிழமை காலை, "பென்ரோஸுக்கு வரலைன்னு சொல்லிடப் போறேன்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்னங்க, இறாலக் கொன்னது உங்க கல்லு இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். கிளறன்ஸ் சோதித்துக் காட்டியதையும் சொன்னேன். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மெல்ல விரிந்தது.

"அப்போ என் கல்லு நல்ல கல்லா?"

"தங்கமான கல்லுங்க."

"அடிப்பாவி!" என்றார். சிரித்தார். பிப்ரவரிக்கு அப்புறம் அவர் பல் தெரிய நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பாழாய்ப் போன என் வாய் அதோடு நின்றிருக்கக் கூடாதா?

"தினமுமா ஊத்துன?" என்று கேட்டார். சரக்குப் பார்க்கிற ஆள், கேள்வியை அப்படி விட மாட்டார்.

"தினமும்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழரை, எட்டு."

"நான் எங்க இருந்தேன்?"

எல்லாப் பழியும் என் தலையில் வந்து விழ வேண்டும் என்ற வேகம் எனக்கு. "எங்க இருப்பீங்க, இதே நாற்காலியிலதான், காபி குடிச்சிக்கிட்டு! ஒரு நாள் எனக்குக் கை ஒழியலன்னு தொட்டியோட கண்ணாடி மூடியத் தூக்கிப் புடிச்சதே நீங்கதானே!"

சிரிப்பு நின்றுவிட்டது.

"குடத்தோடயா நின்ன?"

"ஆமா."

"இந்தக் குடம்."

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். ஆகாதவை என்ற தலைப்பின் கீழே அவர் கையெழுத்தில் செம்பு என்று இருந்தது, அடியில் இரண்டு கோடு.

"செடிக்கு வாங்கின உரத்துல செம்பு இருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். அஞ்சு வாரம் ஒரு குடமே என் மூக்குக்கு முன்னால போயிருக்கு. மூடியத் தூக்கிக் குடுத்திருக்கேன்."

"யாருக்குத் தோணும்ங்க? எனக்கே தோணலையே."

"உனக்குத் தோண வேண்டாம். எனக்குத் தோணணும்." அந்த இரண்டு கோட்டையும் விரலால் தடவினார். "மூடியத் தூக்குன ஞாபகமே இல்ல பாக்யா."

பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுந்திருக்கும் முன்னால் ஊற்றினேன் என்று ஒரே ஒரு பொய். அடுப்பில் பால் பொங்கியதற்கெல்லாம் பொய் சொன்னவள்தான் நான். அன்றைக்குப் பார்த்து அரிச்சந்திரன் வேஷம் போட்டேன்.

அவர் எழுந்து ஏழாவது கல்லைப் பற்றிய வரியில் எழுதினார்: கல்லில் குறை இல்லை. கையெழுத்துப் போட்டார். கிளறன்ஸுக்குப் போன் செய்து வேலைக்கு வரவில்லை என்றார். கார்ச் சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கினார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன், சரி என்று உடனே ஒத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது அக்டோபர். டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனைக்கு இன்னும் முறை வரவில்லை. இது அவருடைய அப்பாவுக்கு வந்த நோயா, வெறும் பயமா, யாருக்கும் தெரியாது. குடத்தைக் கராஜில் சாக்குக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பாசி கட்டை முழுக்கப் படர்ந்து என் கறுப்பு நூலை மூடிவிட்டது. மீன்கள் நன்றாக இருக்கின்றன.

அவர் என்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. குளிக்கட்டுமா, வாசல் கதவைச் சாத்தட்டுமா, இந்தச் சட்டையைப் போடட்டுமா என்று கேட்கிறார். நேற்றுக் காலை தொட்டிக்கு முன்னால் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"விளக்கப் போடட்டுமா பாக்யா?"

"போடுங்க."

போட்டார். தொட்டி முழுக்க வெளிச்சம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சரியாப் போட்டேனா?"