பவுடர் மணத்த படகு

அரியமங்கலத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு பெயிண்ட் ஷெட் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் தைரியராஜ் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் உப்புத்தாள் பிடித்த கை அது. ஐம்பது வருஷத்தில் அந்தக் கை படாத வண்டி திருச்சியில் கொஞ்சம்தான். பஸ், லாரி, பள்ளிக்கூட வேன், பாலக்கரைப் பக்கம் ஒரு கோயிலின் தேர்ச் சப்பரம் வரைக்கும் அடித்திருக்கிறார். யார் சிபாரிசும் கிடையாது, யார் காலையும் பிடித்தது கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமும் கிடையாது. எதற்குக் கூச்சம்? உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஷெட் வாசலில் தன் கையாலேயே சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'தைரியராஜ் அடித்த வண்டிக்கு ரெண்டாந்தரம் கை வைக்க வேண்டாம்.'

போன ஆடி மாதம் பிறந்த கையோடு அந்த எழுத்தைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர் ஜெகபர் சாதிக். பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர், நல்ல நீச்சல்காரர். ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம் நெரியும். புதுத் தண்ணீரில் யாராவது கால் வழுக்கினால் தூக்கிவிட, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷா வருஷம் ஒரு படகோடு தண்ணீரில் நிற்பார். நாகப்பட்டினம் பக்கம் பழசாக வாங்கிய ஃபைபர் படகு அது. மேல்பூச்சு வெடித்து, சுண்ணாம்பு உதிர்வதுபோல் உதிர்ந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி நார் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணு விளிம்பைப் புடிச்சுதுண்ணே. உசுரு தப்பிச்சுது, ஆனா உள்ளங்கை பூரா முள்ளு. மறுபடி ஜெல்கோட் அடிச்சாத்தான் ஆகும்ங்கறாங்க. ஃபைபர் வேலை உங்களுக்குப் பழக்கம்தானே?"

தைரியராஜ் தன் வாழ்நாளில் படகில் ஏறியதுகூட இல்லை. ஜெல்கோட் என்ற பேரை அன்றுதான் காதால் கேட்டார்.

"பாய், ஏரோப்ளேனைக் கொண்டாந்து நிறுத்துங்க, அடிச்சுத் தரேன். இது என்ன, கவுத்துப்போட்ட காரு."

பதினெட்டாம் பெருக்குக்குப் பதினாலு நாள் இருந்தது. பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்புகளில் பட்டி வைத்துத் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு பாலக்கரையில் ரெசின் கடை வைத்திருக்கும் சித்தார்த்திடம் போய் ஜெல்கோட் வாங்கினார். இட்லி மாவு பதத்தில் வெள்ளையாக ஒரு டின், இறுக வைப்பதற்கு ஹார்டனர் ஒரு பாட்டில், அதோடு இன்னொரு குட்டிப் பாட்டில்.

"அண்ணே, இது மெழுகு. கடைசிக் கோட்டுல இதை..." என்று சித்தார்த் ஆரம்பித்தான்.

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கடைசிக் கோட்டு அடிச்சவன். கட்டிக் குடு."

மெழுகு எதற்கு என்று அவருக்கா தெரியாது? காருக்கு எல்லாம் முடிந்த பிறகு மெழுகுப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் முகம் தெரியும். அதுதான் இது. குட்டிப் பாட்டிலை அலமாரியில் வைத்தார்.

வீட்டில் டின்னைப் பார்த்த மருமகள் லின்சி, "மாமா, மேல இங்கிலீஷ்ல நெறைய எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லவா?" என்றாள்.

"பெயிண்டைப் படிச்சா அடிக்கிறாங்க? கையால அடிக்கிறதும்மா."

அவருடைய மனைவி ரோசம்மாள் அடுப்படியிலிருந்து, "அதுக்குப் படிக்கத் தெரியணும்ல, அதான்" என்றாள். லின்சி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அடித்தது என்னவோ ராஜ அடி. பெரிய வாய் வைத்த ஸ்ப்ரே கன்னில் மூன்று கோட்டு. ஒரு வழிசல் இல்லை, ஒரு திட்டு இல்லை. மறுநாள் காலை ஷெட்டுக்குள் வெள்ளை வெளேரென்று படகு படுத்திருந்த அழகைப் பார்த்து, பக்கத்துப் பட்டறைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் போன பிறகு விரலை வைத்துப் பார்த்தார். விரல் ஒட்டியது.

ஈரம், காய்ந்துவிடும் என்று வெயிலில் இழுத்துப் போட்டார். சாயங்காலம் தொட்டார். வெல்லப்பாகைத் தொட்டதுபோல் இருந்தது. மறுநாளும் வெயில், மறுநாளும் பிசுக்கு. அடியில் கல்லாக இறுகியிருந்தது, நகத்தால் கீறினால் தெரிந்தது. மேலாக ஒரு தோல் மட்டும் இறுகவே மாட்டேன் என்றது. ஆடிக்காற்று வேறு. கொசு, பஞ்சு, லாரிப் புழுதி என்று வந்ததையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொண்டது. ஐம்பது வருஷத் தொழிலில் காயாத பெயிண்டை அவர் பார்த்ததில்லை.

சித்தார்த்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு தரம் போனை எடுத்தார். என்னவென்று கேட்பது? கட்டிக் குடு என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? எடுத்த போனை இரண்டு தரமும் சட்டைப் பையிலேயே போட்டார்.

ஆடி பதினேழாம் தேதி மத்தியானம் சாதிக் போன் செய்தார், சாயங்காலம் படகை எடுக்க வருவதாக.

தைரியராஜ் வீட்டுக்குப் போனார். ரோசம்மாள் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்தார். ஷெட் கதவைச் சாத்தினார். ஒரு பனியன் துணியில் பவுடரைக் கொட்டி, படகு முழுக்க, விளிம்போடு, மெல்ல ஒற்றி ஒற்றித் தடவினார். பிசுக்கு மறைந்தது. கை வைத்தால் வழுவழுவென்று போயிற்று. அவர் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமாக, மிகப் பொறுமையாகச் செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும். முடித்தபோது அவருக்குத் தன் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாதிக் வந்து தடவிப் பார்த்தார். "வெல்வெட்டாட்டம் இருக்குண்ணே! இனிமே பச்சப்புள்ள புடிச்சாலும் கை நோகாது." குனிந்து மோந்தார். "என்னண்ணே, மணக்குது?"

"புதுச் சரக்கு பாய். அப்படித்தான் மணக்கும்."

பதினெட்டாம் பெருக்கு அன்று தைரியராஜ் படித்துறைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். வீட்டில் இருக்க முடியவில்லை. ஒருவேளை தண்ணீர் பட்டால் இறுகிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கரை நிறைய ஜனம். புதுப் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். காதோலை, கருகமணி, பூ, வெற்றிலை எல்லாம் காவேரியில் மிதந்து போயின. நடுவில் படகு வெள்ளையாக நின்றது. மேல்படியில் தேங்காய் விற்கிறவரிடம், "அந்தப் போட்டு நான் அடிச்சது" என்று சொல்லிக்கூட விட்டார். வாய் பழகிய பழக்கம்.

அரைமணி நேரம் போயிருக்கும். பவுடரைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிதந்து வந்த செவ்வந்தி இதழ் படகில் ஒட்டியது. அப்புறம் ஒரு வெற்றிலை. அப்புறம் யாரோ விட்ட மஞ்சள் கயிறு நீளமாக வந்து பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. படியில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், போட்டுக்கும் கயிறு கட்டியாச்சுடி!"

"மாப்பிள்ளை யாரு? ஓட்டுறாரே, அந்த பாயா?"

கரை பூராவும் சிரிப்பு. சாதிக்கும் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பிய்த்து எடுத்ததில் நார் நாராக அப்படியே நின்றது. அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம்தான் ஆனந்தவள்ளி என்ற ஒரு அம்மா பாசிப்படியில் வழுக்கி இடுப்புக்கு மேல் தண்ணீரில் போனார். படகு சட்டென்று வந்தது, விளிம்பைப் பிடித்துக்கொண்டார், கரை ஏற்றினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முந்தானை விளிம்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வராமல் நின்றது. இரண்டு பேர் இழுத்ததில் கிழிந்தது. அந்த அம்மா நனைந்த உடம்போடு அத்தனை பேர் முன்னால் கிழிந்த முந்தானையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஆடிக்கு எடுத்த புடவைங்க. இது என்னங்க இது, கையெல்லாம் பிசுபிசுன்னு?" என்று அழமாட்டாத குறையாகக் கேட்டார்.

சாதிக் தலையைத் தூக்கிக் கரையில் யாரையோ தேடினார்.

தைரியராஜ் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போல் குனிந்துகொண்டார். அறுபத்திரண்டு வயசு. எவனுக்கும் பயந்து குனியாத முதுகு. தேங்காய்க்காரர், "என்ன பெரியவரே, உங்க போட்டுதானே?" என்றார். அவர் கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து போய் பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் குட்டியானை வண்டியில் படகு ஷெட்டுக்கு வந்தது. சாதிக் சத்தம் போடுவார் என்று தைரியராஜ் எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருக்கலாம்.

"அண்ணே, உங்க கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் சாதிக். "அந்தக் கடைக்காரப் பையன் போலிச் சரக்கைத் தள்ளிட்டான். வாங்க, ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடுவோம்."

தைரியராஜுக்கு அந்த வார்த்தை ஒரு நிமிஷம் பஞ்சு மெத்தையாக இருந்தது. ஆமாம், சரக்கு கெட்டது. எவ்வளவு லேசாக முடிந்துவிடும்! வண்டியில் பாலக்கரை போய்ச் சேரும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கடையில் சாதிக் குரலை உயர்த்தினார். சித்தார்த் முகம் வெளுத்துப்போய், டின்னைத் திறந்து காட்டி, அதே சரக்கை வாங்கினவர்களின் பேரைச் சொல்லி, "பாய், சத்தியமா நல்ல சரக்கு பாய்" என்றான். பிறகு தைரியராஜைப் பார்த்து, "அண்ணே, கடைசிக் கோட்டுல அந்த மெழுகைக் கலந்துதானே அடிச்சீங்க? காத்துப் பட்டா இது மேல இறுகாதுண்ணே. மெழுகு மேல வந்து மூடினாத்தான் இறுகும்" என்றான்.

அலமாரியில் மூடி திறக்காத குட்டிப் பாட்டில் தைரியராஜ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"கலக்கல" என்றார்.

சித்தார்த்துக்கு மூச்சு வந்தது. "அட, அவ்வளவுதானா! ஒண்ணும் பயமில்லண்ணே. பிசுக்கு மேலேயே மெழுகு கலந்து இன்னொரு கோட்டு அடிங்க, கல்லாயிடும். ஒரு மணி நேர வேலை." சாதிக்கும் சிரித்துவிட்டார். சித்தார்த் பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "மேல வேற எதுவும் தடவலையே? எண்ணெய், பவுடரு, அந்த மாதிரி? தடவியிருந்தா புடிக்காது, மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிக்கணும்" என்றான்.

இல்லை என்று சொல்லிவிட்டால் சிரித்த முகத்தோடு மூன்று பேரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அடுத்த வருஷம் பூச்சு பாளம் பாளமாக உரியும்போது மறுபடி இந்தப் பையன்தான் முகம் வெளுத்து நிற்பான். விளிம்பை மறுபடி ஒரு குழந்தை பிடிக்கும்.

"தடவியிருக்கேன்" என்றார் தைரியராஜ். "என் சம்சாரத்தோட பவுடர். பாய் கையில ஒட்டக்கூடாதுன்னு."

சாதிக் அவரையே பார்த்தார். திட்டவில்லை.

"அதான் மணந்துச்சா" என்றார். வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

பூச்சு முழுவதையும் எடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. சுரண்டுவதற்கு ஆள் வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் போட்டு அவரே தேய்த்தார். தண்ணீர் பட்டதும் பூச்சுக்குள்ளிருந்து பவுடர் மணம் கிளம்பி ஷெட் முழுக்க நிறைந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள், "என்ன தைரியம், கல்யாண வீடாட்டம் மணக்குது?" என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொன்னார். முதல் ஆளுக்கு, கையில் இருந்த உப்புத்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஐந்தாவது ஆளுக்கும் அப்படித்தான்.

வீட்டில் ரோசம்மாள், "புது டப்பா வாங்கிட்டேன். எங்க வச்சிருக்கேன்னு கேக்காதீங்க" என்றாள். அவர் ஜெல்கோட் டின்னை எடுத்துக்கொண்டு போய் லின்சியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முதல் எழுத்துலேர்ந்து படிம்மா. மெதுவாப் படி."