பீரோவுக்குள் இருந்த அரைப் பக்கம்

நாச்சியாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு புதுப் புத்தகங்கள் இரண்டு கட்டு வந்தன. எல்லாமே செடி, கொடி, பறவை, மாடித்தோட்டம். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊருக்கு இத்தனை தோட்டப் புத்தகமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பட்டியலோடு சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்திய பிறகுதான் புத்தகம் வாசகர் கைக்குப் போகும். அதற்குள் ஒன்று தொலைந்தாலும் நூலகர் தலையில்தான் விழும். எனக்கு ஒரு தடவை விழுந்திருக்கிறது. இந்த முறை பட்டியலில் நாற்பது இருந்தது, கட்டில் முப்பத்தொன்பதுதான் இருந்தது. திருத்திய பட்டியல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பேப்பர் படிக்க ஓர் அக்கா வருவார். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது எலுமிச்சை மரம் வைத்திருந்தார். பழத்தைக் கூடையில் கொண்டுபோய்க் குன்றக்குடி மலையடிவாரத்தில் விற்பதுதான் அவருக்குப் பிழைப்பு. வேறு வருமானம் கிடையாது. பீரோவில் எலுமிச்சைப் படம் போட்ட அட்டையைப் பார்த்துவிட்டார்.

“சார், அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் தாங்களேன். மரத்துல இலையெல்லாம் மஞ்சளாப் போகுது. அடிமரத்துல பிசினா வடியிது.”

“இன்னும் நம்பர் போடலக்கா.”

“இங்குட்டே உக்காந்து பாத்துட்டுத் தந்துர்றேன்.”

“நம்பர் போடாம வெளிய எடுக்கக் கூடாதுக்கா. போட்டதும் மொதல்ல உங்களுக்குத்தான்.”

வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. வீட்டில் ஒரு பாத்தி கீரைகூடப் போட்டறியாத நான், பெரிய விவசாயி மாதிரி ஒரு யோசனை சொன்னேன். “வெயிலுக்குத்தான் அப்படி இருக்கும். தண்ணியக் கூடக் கொஞ்சம் விடுங்க.”

அவர் நம்பினார். புத்தகத்தோடு புழங்குகிறவன் சொல்கிறானே என்று நம்பினார். வாரா வாரம் வந்து, “நம்பர் போட்டாச்சா சார்?” என்பார். காலையும் மாலையும் அடிபம்பில் அடித்துச் சுமந்து, ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு குடம் ஊற்றுவதாகச் சொன்னார். தண்ணீர் ஓடிவிடாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்திருப்பதாகவும் சொன்னார். நல்லது என்றேன்.

பட்டியல் ஐந்து மாதம் கழித்து வந்தது. முதலில் அந்தப் புத்தகத்துக்குத்தான் எண் போட்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெருமிதம் வேறு. உள்பக்கத்தில் முத்திரை குத்தப் பிரித்தபோது பிசின் என்ற சொல் கண்ணில் பட்டது. நின்றபடியே படித்தேன். தண்ணீர் அடிமரத்தைத் தொடவே கூடாது, தள்ளி வட்டமாகப் பாய்ச்ச வேண்டும். அணைத்த மண்ணை விலக்கி, பிசின் வடிகிற பட்டையைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச வேண்டும். மொத்தமே அரைப் பக்கம். அவரிடம் கொடுக்கத்தான் கூடாது, நான் படிக்கக் கூடாது என்று யார் சொன்னது? சாவி ஐந்து மாதமும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஏழு மரத்தை வெட்டி விறகாக அடுக்கியிருந்தார். மீதி இரண்டும் மொட்டையாக நின்றன. அரைப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். மறைக்கத் தைரியம் இல்லை.

“அப்ப நான் சொமந்து ஊத்துன தண்ணிதானா சார்?”

“நான் சொன்ன தண்ணிக்கா.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிக்கொண்டார். காய்க்கிற மரம் ஒன்றுகூட இல்லை, எதற்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கானாடுகாத்தானில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போகிறார். பேப்பர் படிக்க வர நேரமில்லை. ஆனாலும் புத்தகத்தைத் திருப்ப வேண்டிய பதினைந்தாம் நாள் தவறாமல் வந்தார். செய்தித்தாளில் அட்டை போட்டிருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்து, முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“நம்பர் அழியாம வச்சிருக்கேன், பாத்துக்கிருங்க சார்.”